பார்க்கிங் டிக்கெட் எழுதுபவரின் நெஞ்சில் கேமரா எதற்கு?

இங்கிலாந்தில் பார்க்கிங் டிக்கெட் (அபராதச் சீட்டு) எழுதும் அலுவலரின் மேல்சட்டையில், நெஞ்சுக்கு நேராக, தீப்பெட்டியைவிடப் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று மாட்டியிருக்கும். தவறாக நிறுத்திய காரைப் படம் பிடிக்கத்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். காரைப் படம் எடுப்பது அவர் கையில் இருக்கும் வேறொரு கருவி. டிக்கெட்டைத் தயாரிக்கும் அந்தக் கையடக்கக் கருவியிலேயே கேமரா உண்டு. நம்பர் பிளேட், மஞ்சள் கோடு, பக்கத்து அறிவிப்புப் பலகை, முன்கண்ணாடிக்குள் வைத்த சீட்டு எல்லாம் அதில்தான் நிழற்படமாகப் பதிவாகின்றன. நெஞ்சில் இருக்கும் பெட்டிக்கு வேலை வருவது, காரின் சொந்தக்காரர் ஓடி வந்த பிறகு. அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் யார் என்ன சொன்னார், யார் கை யார் மேல் பட்டது என்பதற்கு ஒரு சாட்சி.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகவே வந்து நிற்கும். எப்போது இயக்க வேண்டும், எத்தனை நாள் வைத்திருக்கலாம், டிக்கெட்டை எதிர்த்து வாதாட அந்த வீடியோ உதவுமா என்பவை எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

யார் இந்த அலுவலர்?

பழைய பெயர் டிராஃபிக் வார்டன். 1960-இல் லண்டன் தெருக்களில் முதன்முதலாக இறங்கியபோது அவர்கள் போலீஸ் துறையின் கீழ் இருந்தார்கள். 1991-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இந்த வேலையை உள்ளூர் கவுன்சில்கள் எடுத்துக்கொள்ள வழி திறந்தது. 2004-ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தின் 6-ஆம் பகுதி 2008 மார்ச் 31 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து சட்டப்படி அவர்கள் 'சிவில் என்ஃபோர்ஸ்மென்ட் ஆபீசர்'கள். பேச்சில் இன்றும் வார்டன்தான். பல ஊர்களில் இவர்கள் கவுன்சிலின் நேரடி ஊழியர்களே அல்ல. ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் ஆட்கள்.

பெயரோடு அதிகாரமும் மாறியது. பெரும்பாலான பார்க்கிங் தவறுகள் இப்போது குற்றங்கள் அல்ல, கவுன்சிலுக்குக் கட்ட வேண்டிய தொகை மட்டுமே. லண்டனுக்கு வெளியே பெரும்பாலான கவுன்சில்களில் கடுமையான தவறுக்கு 70 பவுண்ட், இலேசானதற்கு 50 பவுண்ட். 14 நாளுக்குள் கட்டினால் பாதி. அலுவலருக்குக் கைது செய்யும் உரிமை கிடையாது. உங்கள் பெயரையோ முகவரியையோ கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான ப்ளூ பேட்ஜை எடுத்துக் காட்டச் சொல்லலாம், அவ்வளவே. சீருடை அணிந்திருக்க வேண்டும், அதில் அவருக்குரிய எண் இருக்க வேண்டும்.

ஆக, கோபத்தில் கத்துகிற ஒருவர் முன் இவர் வெறுங்கையோடுதான் நிற்கிறார். பெரும்பாலும் தனியாக. போலீஸ், சிறை, தீயணைப்பு, மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் கூடுதல் தண்டனை தரும் 2018-ஆம் ஆண்டின் அவசரப் பணியாளர் சட்டம் பார்க்கிங் அலுவலர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பொதுச் சேவை செய்பவரைத் தாக்குவது தண்டனையைக் கூட்டும் காரணம் என்று 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. ஆனால் தண்டனை என்ற கட்டத்துக்கு வழக்கு போய்ச் சேர வேண்டுமே? சாட்சி இல்லாத தெருவில் 'அவர்தான் முதலில் தள்ளினார்' என்று இருவரும் சொன்னால் வழக்கு அங்கேயே நின்றுவிடும். கேமரா வந்து சேர்ந்த காரணம் இதுதான்.

பிரிட்டனில் இதற்கு முன்னோடி போலீஸ். 2005-லிருந்து பிளிமத் நகரில் தலைப்பட்டையில் மாட்டும் கேமராக்களைப் போலீஸார் சோதித்துப் பார்த்தார்கள். 2007-இல் உள்துறை அமைச்சகம் வழிகாட்டி நூல் வெளியிட்டது. பிறகு கருவி சிறுத்து நெஞ்சுக்கு இறங்கியது, விலையும் இறங்கியது, கவுன்சில்களும் வாங்கத் தொடங்கின.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

அகலக் கோண லென்ஸ், மைக், பாட்டரி, கழற்ற முடியாத நினைவகம், பதிவாவதைக் காட்டும் சிவப்பு விளக்கு. குளிர்காலத்தில் தடித்த கையுறை போட்டுக்கொண்டே இயக்க வேண்டும் என்பதால் பொத்தான் பெரிதாக இருக்கும், அல்லது மேலும் கீழும் தள்ளும் சறுக்கு விசையாக இருக்கும். சில வகைகளில் முன்பக்கம் ஒரு சிறு திரையும் உண்டு. எதிரே நிற்பவர் தன் முகத்தையே அதில் பார்ப்பார்.

அந்தத் திரை நல்லதா என்பதில் களத்தில் இருப்பவர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. தான் கத்துவதைத் தானே பார்க்கும்போது பலர் குரலைத் தாழ்த்துகிறார்கள். குடித்திருப்பவருக்கோ நிதானம் இழந்தவருக்கோ அதே திரை சீண்டலாகப் படுகிறது. பகல் நேரக் கடைத்தெருவுக்குத் திரை சரி, இரவுக் கேளிக்கைப் பகுதிக்கு வேண்டாம் என்பது நடைமுறைக்கு ஒத்த முடிவு.

லென்ஸ் அகலமாக இருப்பதற்கு விலை ஒன்று உண்டு. பக்கவாட்டில் நிற்பவரும் சட்டகத்துக்குள் வருவார். ஆனால் எல்லாம் உண்மையைவிடத் தொலைவில் இருப்பதுபோலத் தெரியும். ஒரு கை நீளத்தில் நின்று விரலை நீட்டியவர், வீடியோவில் தள்ளி நின்றதுபோல இருப்பார். சில மீட்டருக்கு அப்பால் உள்ள நம்பர் பிளேட்டும் வாசிக்கும்படி இருக்காது. கார் பற்றிய சான்றுக்கு இந்தக் கேமராவை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

படத்தின் தரத்தைத் தேர்ந்தெடுப்பது சேமிப்பிடக் கணக்கு. நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிகாபைட் ஆகும். 20 அலுவலர்கள் 8 மணி நேரமும் விடாமல் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 288 ஜிகாபைட். 31 நாள் வைத்திருந்தால் கிட்டத்தட்ட 9 டெராபைட். அதே 20 பேர் தகராறு வந்தபோது மட்டும், ஆளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாகக் கால் மணி நேரம் பதிவு செய்தால் 31 நாளுக்கும் சேர்த்து 280 ஜிகாபைட்டுக்குள் முடிந்துவிடும். நாள் முழுக்கப் பதிவு செய்வதைச் சட்டமும் விரும்பவில்லை, பட்ஜெட்டும் விரும்பவில்லை.

தவறவிட்ட முதல் விநாடிகள்

தகராறு சொல்லிக்கொண்டு வருவதில்லை. காரிலிருந்து இறங்கியவர் முதல் வார்த்தையையே வசையாகச் சொல்லியிருப்பார். அலுவலர் கை பொத்தானுக்குப் போகும்போது 10 விநாடி கழிந்திருக்கும். அந்தப் 10 விநாடி இல்லாத வீடியோவில் பதில் சொல்லும் அலுவலர்தான் முரடராகத் தெரிவார்.

இதற்காகப் பல கருவிகளில் ஓர் ஏற்பாடு உண்டு. காத்திருப்பு நிலையில் இருக்கும்போதே கேமரா கடைசி 30 விநாடி போன்ற ஒரு சிறு துண்டை மட்டும் தொடர்ந்து எழுதி, அதன் மேலேயே திரும்ப எழுதிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் அந்தத் துண்டு கோப்பின் தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அழுத்தாவிட்டால் அது அழிந்துவிடும். ஆக்சான் என்ற நிறுவனத்தின் கருவிகளில் இந்த முன்துண்டு தயாரிப்பாளரின் இயல்பான அமைப்பில் ஒலி இல்லாமல், படமாக மட்டுமே பதிவாகும். வீடியோவைப் பார்ப்பவர் 'முதல் அரை நிமிடம் ஏன் ஊமையாக இருக்கிறது, வெட்டிவிட்டார்களா?' என்று கேட்பது இதனால்தான். வெட்டவில்லை. ஆனால் இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து, கருவியின் அமைப்பை எழுத்தில் வைத்திருக்காத கவுன்சில், டிக்கெட் மேல்முறையீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் திணறும்.

ஒரு பணிநேரம் எப்படிப் போகும்

காலையில் டாக் எனப்படும் தாங்கியில் வரிசையாகக் கேமராக்கள் சார்ஜ் ஏறி நிற்கும். அலுவலர் தன் அடையாள அட்டையைக் காட்டினால் ஒன்று அவர் பெயரில் விடுபடும். இந்தப் பதிவுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் அடித்தளம். எந்தக் கேமரா, எந்த நாள், யார் கையில் என்பது இங்கே குழம்பினால் வீடியோவை யார் எடுத்தது என்று நிறுவ முடியாது.

அடுத்து மாட்டுவது. நெஞ்செலும்பின் மேற்பகுதியில், இரண்டு தோளுக்கும் நடுவில், இலேசாக மேல்நோக்கி. வயிற்றருகே தாழ்த்தி மாட்டினால் எதிரே நிற்பவரின் இடுப்புப் பட்டைதான் படமாகும். பிரிட்டனில் சீருடைகளில் தைத்திருக்கும் கிளிக்ஃபாஸ்ட் தாங்கிகள் பெட்டியைத் திருகிப் பூட்டிக்கொள்ளும். வெறும் கிளிப்பில் மாட்டினால் ஓடும்போது பெட்டி தலைகீழாகத் தொங்கும். மாட்டியதும் 5 விநாடி சோதனைப் பதிவு, விளக்கு எரிகிறதா, நேரம் சரியா என்று ஒரு பார்வை. பிறகு காத்திருப்பு நிலை.

தெருவில் பெரும்பாலான டிக்கெட்டுகள் ஆளே வராமல் முடிந்துவிடும். கேமராவுக்கு வேலை இருக்காது. வேலை வரும்போது செய்ய வேண்டியது மூன்றே செயல். பொத்தானை அழுத்துவது, 'நீங்கள் பேசுவதும் செய்வதும் படமாகவும் ஒலியாகவும் பதிவாகின்றன' என்று தெளிவாகச் சொல்வது, பேச்சு முடிந்து விலகி நடந்த பிறகும் சில விநாடி ஓடவிட்டு, நேரத்தைச் சொல்லி நிறுத்துவது. பாதியில் நிறுத்தினால் ஏன் நிறுத்தினேன் என்பதையும் வாயால் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். காரணம் சொல்லாத இடைவெளி, பின்னால் பார்ப்பவர் கண்ணில் சந்தேகமாகத்தான் வளரும்.

மாலையில் டாக்கில் திரும்ப மாட்டியதும் வீடியோ தானாகவே சர்வருக்கு ஏறி, கேமராவிலிருந்து அழியும். அலுவலரால் அதை அழிக்கவோ வெட்டவோ முடியாது. கோப்புகள் மறைகுறியாக்கத்தில் இருப்பதால் தொலைந்த கேமராவைக் கண்டெடுத்தவர் கணினியில் செருகினாலும் எதுவும் திறக்காது. யார், எப்போது, எந்தக் கோப்பைத் திறந்து பார்த்தார் என்ற பட்டியலும் சர்வரில் சேரும். சான்றாகக் குறிக்கப்பட வேண்டிய கோப்பை அன்றே குறித்து, டிக்கெட் எண்ணை அதனோடு இணைத்துவிட வேண்டும். இதை நாளைக்கு என்று தள்ளுவதுதான் இந்த வேலையில் மிகச் சாதாரணமான, மிக விலை கொடுக்கும் சோம்பல். குறிக்காத கோப்பு கெடு முடிந்ததும் சத்தமில்லாமல் அழிந்துவிடும்.

எப்போது அழுத்துவது

விதிகளில் பொதுவாக எழுதியிருப்பது: வாக்குவாதம் சூடாகும்போது, மிரட்டல் வரும்போது, வரும் என்று நியாயமாகத் தோன்றும்போது. படிக்க எளிது. களத்தில் கடினம். சீக்கிரம் அழுத்தினால் சாதாரணமாகக் கேள்வி கேட்க வந்தவரைக் குற்றவாளிபோல நடத்தியதாகும். தாமதித்தால் பதிவே இருக்காது.

ஆராய்ச்சிகள் இங்கே எச்சரிக்கை தருகின்றன. கலிஃபோர்னியாவின் ரியால்டோ நகரில் 2012-இல் தொடங்கிய சோதனைக்குப் பிறகு போலீஸார் மீதான புகார்கள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தன. கேமரா விற்பவர்கள் எல்லாரும் இந்தச் சோதனையையே காட்டுவார்கள். வாஷிங்டன் டிசி நகரில் 2,000-க்கும் மேற்பட்ட போலீஸாரை வைத்துச் செய்து 2017-இல் வெளியிட்ட மிகப் பெரிய சோதனையில் சொல்லும்படியான வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அதை விற்பவர்கள் காட்டுவதில்லை. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் ராண்ட் ஐரோப்பா நிறுவனமும் பல ஊர்ச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்தது இன்னும் கவனிக்கத்தக்கது: கேமரா அணிந்தவர்கள் மீது தாக்குதல் சற்றுக் கூடவே இருந்தது, விதிப்படி தொடக்கத்திலிருந்தே இயக்கியவர்களிடம் பலப்பிரயோகம் குறைந்தது, தன் விருப்பப்படி நடுவில் இயக்கியவர்களிடம் கூடியது.

இவை எல்லாம் போலீஸ் பற்றியவை. பார்க்கிங் அலுவலர் பலப்பிரயோகமே செய்வதில்லை என்பதால் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் தர்க்கம் ஒன்றுதான். கொதிநிலையில் இருப்பவர் முன் திடீரென்று சிவப்பு விளக்கை எரியவிடுவது அவரைக் குளிர்விக்காது. அதனால் நல்ல பயிற்சியில் பொத்தானைவிடக் காலுக்கு முதலிடம். ஓரடி பின்வாங்குவது, காருக்கும் சுவருக்கும் நடுவில் சிக்காமல் நிற்பது, தாழ்ந்த குரலில் பேசுவது, டிக்கெட்டை எதிர்க்கும் வழி அதன் பின்பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லி நகர்வது. இதையெல்லாம் செய்துகொண்டே, பேச்சு இன்னும் பேச்சாக இருக்கும்போதே இயக்கிவிட வேண்டும். 'உங்கள் பாதுகாப்புக்கும் என் பாதுகாப்புக்கும் இதை இயக்குகிறேன்' என்ற ஒரு வரி, 'இதோ பதிவு பண்றேன் பார்' என்ற தொனியைவிட எவ்வளவோ வேலை செய்யும்.

எதிரே நிற்பவர் தன் கைபேசியில் அலுவலரைப் படம் பிடித்தால்? பொது இடத்தில் அதற்குத் தடை இல்லை. நிறுத்தச் சொல்ல அலுவலருக்கு உரிமையும் இல்லை.

டிக்கெட் வழக்கில் இந்த வீடியோ எதற்கு உதவும்

நெஞ்சுக் கேமராவை வைத்து ஒருவருக்கு டிக்கெட் போட முடியாது. இங்கிலாந்தில் 2015-லிருந்து கேமரா பார்த்துத் தபாலில் டிக்கெட் அனுப்புவது பேருந்து நிறுத்தம், பேருந்துத் தடம், பள்ளி வாசல், வண்டி நிற்கத் தடை உள்ள சிவப்புக் கோட்டுச் சாலை போன்ற சில இடங்களுக்கு மட்டும் சுருக்கப்பட்டுவிட்டது. அதற்கும் அரசு ஏற்ற சாதனங்கள்தான் வேண்டும். மற்ற இடங்களில் டிக்கெட்டைக் காரில் ஒட்ட வேண்டும் அல்லது ஓட்டுநர் கையில் கொடுக்க வேண்டும்.

தவறு நடந்ததா என்பதற்கான சான்று நிழற்படங்களும் அலுவலரின் குறிப்புகளும். குறிப்பிட்ட நேரம் மட்டும் நிறுத்தலாம் என்ற இடங்களில், கார் இடையில் நகரவில்லை என்று காட்ட டயரில் காற்றடைக்கும் வால்வு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் கடிகார முள்போலக் குறித்துக்கொள்வார்கள்: முன்சக்கரம் 3, பின்சக்கரம் 9 என்று. போய்விட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் நிறுத்திய காரில் இரண்டு வால்வும் முன்போலவே நிற்பது அரிது. இந்தப் பழைய முறையைத் தூக்கிப்போடும் அளவுக்கு எந்த வீடியோவும் வளர்ந்துவிடவில்லை.

வீடியோ கைகொடுக்கும் இடங்கள் சில உண்டு. முதலாவது, டிக்கெட் கொடுக்க முடியாமல் போன நிலைமை. அலுவலர் டிக்கெட்டை ஒட்ட முயன்று, யாரோ தடுத்தால் அதைத் தபாலில் அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. டிக்கெட் தயாரிக்கத் தொடங்கிய பிறகு கார் ஓடிவிட்டாலும் அப்படியே. ஆனால் வெறுமனே வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தது 'தயாரிக்கத் தொடங்கியது' ஆகாது. தடுத்தது உண்மையா, எந்தக் கட்டத்தில் கார் நகர்ந்தது என்பதில்தான் இந்த வழக்குகள் நிற்கும் அல்லது விழும். வீடியோ அங்கே நேரடிச் சான்று. ஓட்டுநருக்குச் சாதகமாகவும் அது போகலாம். 'நான் எதையும் தடுக்கவில்லை, அவர் கருவியைத் திறக்கவே இல்லை' என்று சொல்பவரின் சொல்லை உறுதிப்படுத்துவதும் இதே வீடியோதான்.

இரண்டாவது, 'ஐந்து நிமிடம் நில்லுங்கள் என்று அவர்தான் சொன்னார்' என்ற வகை வாதங்கள். மூன்றாவது, சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன் என்பது: பின்னணியில் வேனின் கதவு திறந்திருந்ததா, பெட்டிகள் இறங்கினவா என்பது எதேச்சையாகப் பதிவாகியிருக்கும். ப்ளூ பேட்ஜ் உரியவர் அங்கே இருந்தாரா என்ற தகராறும் அப்படித்தான்.

நேரம்தான் இங்கே கண்ணிவெடி. கட்டணம் செலுத்தியோ இலவசமாகவோ முறைப்படி நிறுத்திய இடத்தில் காலம் முடிந்த பிறகு 10 நிமிடம் சலுகை உண்டு. அது கழியாமல் டிக்கெட் போட முடியாது. டிக்கெட் கருவியின் கடிகாரம் 14:11 என்கிறது, நெஞ்சுக் கேமரா 14:09 என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 14:00-க்கு நேரம் முடிந்த காருக்கு முதலாவது செல்லும், இரண்டாவது செல்லாது. இரண்டும் ஒரே கவுன்சிலின் கருவிகள். எதை நம்புவது என்று தீர்ப்பாய நடுவர் கேட்பார். கேமரா டாக்கில் மாட்டும்போது மட்டும் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். சில நாள் டாக்குக்கே வராமல் வேறு சார்ஜரில் ஏற்றிய கேமரா மெல்ல நழுவும். கோடைக்கால நேர மாற்றத்தின்போது ஒரு மணி நேரமே தவறும். பணி தொடங்கும்போது இரண்டு கருவியையும் பக்கத்தில் வைத்து, ஒரே சட்டகத்தில் விழும்படி சில விநாடி பதிவு செய்தால் இந்தத் தொல்லை முளையிலேயே தீரும். செலவே இல்லாத இந்தப் பழக்கம் ஏன் எல்லா இடத்திலும் இல்லை என்பது வியப்புதான்.

கெட்டுப்போகும் மற்ற இடங்கள்

மழை வந்ததும் கோட்டை மேலே போட்டு ஜிப்பை இழுத்துவிட்டால் கேமரா உள்ளே போய்விடும். கறுப்புத் திரையும் உரசும் ஒலியும் மட்டும் மிஞ்சும். மறைத்து வைத்துப் பதிவு செய்தார்கள் என்ற புகாருக்கும் அது இடம் தரும். வெளிக்கோட்டிலும் ஒரு தாங்கி தைத்திருக்க வேண்டும். டிக்கெட் கருவியை நெஞ்சுயரத்தில் பிடித்துத் தட்டும்போது அலுவலரின் முன்கையே லென்ஸை மறைக்கும். காற்று நேராக மைக்கில் மோதினால் வார்த்தை கேட்காது. லென்ஸில் ஒரே ஒரு மழைத்துளி நின்றாலும் இரவில் தெருவிளக்கு பரவி முகம் கரைந்துவிடும். பழைய பாட்டரி குளிரில் பிற்பகலிலேயே படுத்துவிடும். இவை எல்லாம் சிறு சிறு சமாசாரங்கள். ஆனால் கைக்கு வராத வீடியோக்களின் பின்னால் பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒன்றுதான் இருக்கும்.

சட்டம் வைக்கும் வேலி

கேமரா வாங்குவதற்கு முன்பே கவுன்சில் ஒரு தரவுப் பாதுகாப்புத் தாக்க மதிப்பீடு எழுத வேண்டும்: எதற்காக, வேறு வழி இல்லையா, யாருடைய முகமெல்லாம் விழும், எப்போது அழியும். 2012-ஆம் ஆண்டின் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013-இல் வந்த கண்காணிப்புக் கேமரா நெறிமுறையில் 12 கோட்பாடுகள் உண்டு; கவுன்சில்கள் அவற்றைக் கருத்தில் கொண்டே ஆக வேண்டும். பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018-உம் சேர்ந்துகொள்கிறது. ஒப்பந்த நிறுவனம் கேமராவை இயக்கினாலும் எதற்காக, எப்படி என்று தீர்மானிப்பது கவுன்சிலாக இருந்தால் பொறுப்பும் கவுன்சிலுடையதே.

ஒலிப்பதிவு படத்தைவிட ஊடுருவலானது என்று, தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் கருதுகிறது. தெருவில் பக்கத்தில் நின்று தன் மருத்துவ விஷயத்தைத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவரின் குரலும் பதிவாகிவிடும் இல்லையா? பள்ளி வாசலில் பணி செய்யும்போது குழந்தைகள் சட்டகத்தில் வருவார்கள். நாள் முழுக்கப் பதிவு கூடாது, தேவைப்படும்போது மட்டும் என்ற விதி இங்கிருந்து வருகிறது.

வைத்திருக்கும் காலத்தைச் சட்டம் நாள் கணக்கில் சொல்வதில்லை, தேவைக்கு மேல் கூடாது என்று மட்டுமே சொல்கிறது. சான்றாகக் குறிக்காத வீடியோவுக்குப் பெரும்பாலான கவுன்சில்கள் ஏறக்குறைய ஒரு மாதம் வைத்திருக்கின்றன. 28, 30, 31 என்று ஊருக்கு ஊர் மாறும். குறித்தவை வழக்கு முடியும்வரை இருக்கும்.

டிக்கெட் வாங்கியவர் வீடியோவைக் கேட்பது எப்படி

இந்த ஒரு மாதம்தான் பொதுமக்களைச் சிக்கவைக்கிறது. டிக்கெட் வந்ததும் பலர் 'முறைப்படி கடிதம் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடுகிறார்கள். பணம் கட்டாமல் 28 நாள் கழிந்த பிறகுதான் வண்டியின் உரிமையாளருக்கு நோட்டீஸ் டு ஓனர் அனுப்பப்படும். முறையான ஆட்சேபத்துக்கு அதிலிருந்து இன்னொரு 28 நாள். அதைக் கவுன்சில் நிராகரித்த பிறகே தீர்ப்பாயம். லண்டனில் லண்டன் ட்ரைப்யூனல்ஸ், இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளுக்கும் வேல்ஸுக்கும் டிராஃபிக் பெனால்டி ட்ரைப்யூனல். இந்த வரிசையில் முதல் கடிதம் கையில் கிடைக்கும் நாளிலேயே, யாரும் குறிக்காத வீடியோ அழியும் நாளும் வந்திருக்கும்.

அதனால் வாக்குவாதம் நடந்திருந்தால், கேமரா விளக்கு எரிந்ததைப் பார்த்திருந்தால், அந்த வாரமே வீடியோவைக் கேட்டுக் கவுன்சிலுக்கு எழுதிவிடுங்கள். டிக்கெட்டை எதிர்க்கும் முதல் கட்டக் கடிதம் வேறு, இது வேறு. தன்னைப் பற்றிய தரவைக் கேட்கும் இந்த உரிமைக்கு அங்கே சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட் என்று பெயர். வழக்கமாகக் கட்டணம் இல்லை. கவுன்சில் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். மின்னஞ்சலில் கேட்டாலே போதும், தனிப் படிவம் கட்டாயமில்லை. நாள், நேரம், தெருப்பெயர், கடைப்பெயர், டிக்கெட் எண், வண்டி எண், அலுவலரின் சீருடை எண், நீங்கள் அணிந்திருந்த உடை ஆகியவற்றை எழுதுங்கள். தேடி எடுப்பதற்கு இவை வேண்டும். பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் ஒரு வரி சேருங்கள். கோரிக்கை வந்த பிறகு, தரக் கூடாது என்பதற்காகவே பதிவை அழிப்பது 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி குற்றம்.

இந்த உரிமை படத்தில் இருப்பவருக்குத்தான். கார் உங்கள் பெயரில் இருந்து, அன்று ஓட்டி வாக்குவாதம் செய்தது உங்கள் மகனாக இருந்தால், கோரிக்கை மகன் பெயரில் போக வேண்டும். வழியில் போனவர்களின் முகங்களை மங்கலாக்கித்தான் தருவார்கள். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்பது இங்கே பயன்படாது. தனிநபர் தரவு என்று சொல்லி மறுத்துவிடலாம். வீடியோ இல்லை என்று பதில் வந்தால், கேமரா இயங்கவே இல்லையா, இயங்கிப் பின் அழிந்ததா, எந்த நாளில் அழிந்தது என்று கேளுங்கள். மூன்றுக்கும் சர்வரில் விடை இருக்கும். அலுவலர் தன் குறிப்பில் 'மிரட்டினார்' என்று எழுதியிருந்தும் அன்றே கோப்பைக் குறிக்காமல் விட்டிருந்தால், அந்தப் பதிலை அப்படியே தீர்ப்பாயத்தின் முன் வைக்கலாம்.